கல்லுளிமங்கனும் கண்ணாடி அறையும்

என் அண்ணனைப் பற்றி யாராவது "நல்ல மனுஷன்" என்று சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நல்ல மனுஷன்தான், யார் இல்லை என்றது? ஆனால் ஒரே வீட்டில் பதினெட்டு வருஷம், ஒரே தறிக்கூடத்தில் நான்கு வருஷம் அவனோடு மாரடித்தவள் நான். அவன் வாயிலிருந்து ஒரு வார்த்தையைப் பிடுங்குவதற்குள் நமக்குப் பாதி ஆயுள் போய்விடும். ஆலையில் அவனுக்குக் கல்லுளிமங்கன் என்று பட்டப்பெயர். அதை வைத்ததே நான்தான். அது அவனுக்கும் தெரியும். அதற்கும் அவன் ஒன்றும் சொன்னதில்லை.

பதினேழு வயதில், தறிகளுக்கு அடியில் சேரும் பஞ்சுத் தூசியைப் பெருக்கும் வேலைக்குத்தான் உள்ளே போனான். அப்புறம் பன்னிரண்டு வருஷம் நெசவு. அப்புறம் தறி ரிப்பேர். இப்போது ஐம்பத்திரண்டு வயதில் கூடத்துக்கே சூப்பர்வைசர். முப்பத்தைந்து வருஷ இரைச்சலில் இடது காது பாதி போய்விட்டது. பேச்சும் அதோடு போய்விட்டது என்று வைத்துக்கொள்ளலாம். வீட்டில் உப்பு வேண்டுமென்றால்கூடச் சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைப்பான். அண்ணிக்குப் பழகிவிட்டது. வீட்டுக்கு வருகிற விருந்தாளிகள்தான் தங்களுக்குக் காது அடைத்துவிட்டதோ என்று பயந்துபோவார்கள்.

இந்த வாயசைப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். முந்நூறு தறிகள் ஒரே நேரத்தில் ஓடும் கூடம் எங்களுடையது. காதில் பஞ்சை அடைத்துக்கொண்டுதான் உள்ளே போவோம். பக்கத்தில் நிற்பவள் தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது. அதனால் அங்கே யாரும் கத்துவதில்லை. உதட்டை மட்டும் அசைப்போம், இருபது தறி தள்ளி நிற்பவர் பார்த்துப் புரிந்துகொள்வார். புதிதாக வருகிறவர்களுக்கு ஆறு மாதம் பிடிக்கும். கற்றுக்கொண்டுவிட்டால் நிறுத்த முடியாது. பஸ்ஸில் கடைசி சீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் குசுகுசுவென்று சண்டை போட்டால் அத்தனையும் நமக்குத் தெரிந்துவிடும். சங்கடமாகத்தான் இருக்கும், ஆனால் கண்ணை மூடிக்கொள்ள மனசு வராது.

ஆளுக்கு ஆறு தறி. முதல் தறியின் எண்தான் அந்த ஆளின் பெயர். நான் நாற்பத்து மூன்று. ஒரு நாள் கடைத்தெருவில் யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட, வேறு யாரையோ என்று நான் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். "நாப்பத்து மூணு" என்று கூப்பிட்ட பிறகுதான் திரும்பினேன்.

எங்கள் துணியில் பாதியை வாங்கிக்கொண்டிருந்த பெரிய கம்பெனி ஒன்று ஒரு திங்கட்கிழமை காலையில் கதவைச் சாத்திவிட்டது. நெய்து வைத்த துணிக்கட்டுகள் கிடங்கை நிரப்பின, பிறகு நடைவழியை நிரப்பின, பிறகு கேன்டீனுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டன. துணிக்கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து நாங்கள் மதியச் சாப்பாடு சாப்பிட்டோம். ஆள் குறைப்பு வரும் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு புது மேனேஜர் வந்து அப்போது இரண்டு மாதம். கெட்டவர் இல்லை. அதுதான் என் எரிச்சலே. கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டுப் போய்விடலாம். கூடத்தின் ஒரு மூலையில் கண்ணாடித் தடுப்பு போட்ட அறைதான் அவருக்கு. பழைய மேனேஜர் அதற்குத் தடித்த திரை போட்டிருந்தார். இவர் வந்த முதல் வாரமே அதைக் கழற்றச் சொன்னார். தொழிலாளருக்கும் நிர்வாகத்துக்கும் நடுவில் மறைப்பு கூடாதாம், எல்லாம் வெளிப்படையாக இருக்க வேண்டுமாம். கம்ப்யூட்டரைச் சுவர் ஓரமாக வைத்து, எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டார். எழுந்து உலாத்திக்கொண்டே போன் பேசினால் மட்டும் அவருடைய பல் வலி, மாமனார் வீட்டுப் பிரச்சினை எல்லாம் எங்களுக்குத் தெரிந்துவிடும். நாங்கள் உதட்டைப் படிப்போம் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

துணி தேங்க ஆரம்பித்ததும் இந்த மனிதர் எங்களுக்குத் தைரியம் கொடுக்கக் கிளம்பிவிட்டார். "நாம் ஒரே குடும்பம்" என்று நான்கு சுவரிலும் போஸ்டர். ஆளுக்கொரு மஞ்சள் ரப்பர் பந்து, மனசு கனத்தால் பிசைந்துகொள்வதற்காம். வெளியிலிருந்து ஒரு பயிற்சியாளர் வந்தார். அவர் சொன்னபடி அரை மணி நேரம் கையைத் தூக்கிக்கொண்டு சிரித்தோம். இருபத்தைந்து, வயதான மனுஷர், கையை இறக்கிவிட்டுக் கேட்டார்: "வேலை இருக்குமா, இருக்காதா? அதை மட்டும் சொல்லுங்க. மிச்சத்துக்கு நான் வீட்லயே சிரிச்சுக்கறேன்." பயிற்சியாளர் நல்லதையே நினைக்கச் சொன்னார். இருபத்தைந்து பந்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு தறிக்குத் திரும்பிவிட்டார்.

கடைசியில் நோட்டீஸ் வந்தது. பதினான்கு பேரைக் குறைக்கிறார்கள். சேர்ந்த வருஷம், எடுத்த லீவு, துணியில் விழுந்த பழுது எல்லாவற்றையும் சேர்த்து மதிப்பெண் போடுவார்கள். கடைசிப் பதினான்கு பேர் போக வேண்டும். யார் யார் என்பதை வெள்ளிக்கிழமை மாலை ஹாலில் மேனேஜரே படிப்பார். ஏன் வெள்ளி? அன்றைக்கு ஒரு பெரிய ஆர்டர் லாரி ஏற வேண்டும். முன்கூட்டியே தெரிந்தால் போகிறவர்கள் வேலையைப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள் என்று பயம்.

இங்கேதான் எங்கள் கழுத்துக்குச் சுருக்கு. பாலத்துக்கு அந்தப் பக்கம் உள்ள ஆலையில் இருபது நெசவாளிகளை எடுத்துக்கொண்டிருந்தார்கள். புதன்கிழமை மாலை ஐந்து மணியோடு சரி. நம் வேலை அட்டையை அங்கே ஒப்படைத்தால்தான் பதிவு. ஒப்படைத்துவிட்டால் இங்கே வேலை செய்த வருஷமெல்லாம் அம்போ. ஆகவே, பட்டியலில் இருப்பவர்கள் புதனுக்குள் ஓட வேண்டும், இல்லாதவர்கள் இருந்த இடத்தில் இருக்க வேண்டும். யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்பது மேனேஜருக்குத் தெரியும். மதிப்பெண் போட்ட சூப்பர்வைசருக்கு, அதாவது என் அண்ணனுக்கு, ஓரளவு தெரியும். எனக்குப் பத்தாவது படிக்கும் மகள் இருக்கிறாள், வாடகை வீடு, சம்பாதிக்க வேறு ஆள் இல்லை. செவ்வாய்க்கிழமை வேலை முடிந்ததும் நேராக அவன் வீட்டுக்குப் போனேன்.

"நான் லிஸ்ட்ல இருக்கேனா?" என்றேன்.

அவன் செருப்புக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

"அண்ணா, உன்கிட்டத்தான் கேக்கறேன். இருக்கேனா இல்லையா?"

"கையெழுத்து வாங்கியிருக்காங்க. வெள்ளிக்கிழமை வரைக்கும் வாயைத் திறக்க மாட்டேன்னு."

"நான் உன் தங்கச்சி."

"தெரியும்."

"உனக்குத் தெரியும், எனக்குத்தான் மறந்துபோச்சு. ஒண்ணும் சொல்ல வேணாம், தலையை மட்டும் ஆட்டு."

அவன் தலையையும் ஆட்டவில்லை. அண்ணி நடுவில் வந்து, "விடும்மா, இவர்கிட்டப் பேசறதும் ஒண்ணு, சுவர்ல முட்டிக்கறதும் ஒண்ணு" என்றாள். நான் எழுந்து கதவை ஓங்கிச் சாத்திவிட்டு வெளியே வந்தேன். அது சாத்தினால் திரும்பத் திறந்துகொள்ளும் கதவு. அன்றைக்கு அந்தக் கதவுகூட என் பக்கம் இல்லை.

புதன்கிழமை காலை முழுக்கக் கூடத்தில் யாருடைய கையும் வேலையில் இல்லை. அறுந்த நூல் அறுந்தபடியே ஓடியது. பதினொரு மணிக்கு அண்ணன் கண்ணாடி அறைக்குள் போனதைப் பார்த்தேன். மேனேஜர் எழுந்து அலமாரியில் எதையோ எடுக்கப் போனார். அந்த நேரத்தில் அண்ணன் அவருடைய நாற்காலியைத் தூக்கி மேஜைக்கு மறுபக்கம் போட்டான். தான் கூடத்துக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டான். மேனேஜர் திரும்பி வந்து, எங்களைப் பார்த்த மாதிரி அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். கையில் ஒரே ஒரு தாள்.

மேனேஜரின் உதடு அசைந்தது. "கண்ணாடியை வீட்லயே விட்டுட்டு வந்துட்டீங்களா? பரவாயில்ல, நானே படிக்கறேன். எண் சரியான்னு மட்டும் சொல்லுங்க."

என் அண்ணனுக்குக் கண்ணாடியே கிடையாது. இந்த வயதிலும் ஊசியில் நூல் கோர்ப்பவன் அவன்.

பக்கத்து வரிசையில் எனக்கு அருகே நின்ற அறுபத்து ஒன்றைத் தட்டினேன். அவள் அடுத்தவளைத் தட்டினாள். ஒரு நிமிஷத்தில் ஐம்பது தலைகளும் கண்ணாடி அறைப் பக்கம் திரும்பியிருந்தன. கைகள் தறியில்தான் இருந்தன. மேனேஜர் ஒருமுறை நிமிர்ந்து பார்த்திருந்தால் ஐம்பது பேரும் உழைப்பதாகத்தான் நினைத்திருப்பார்.

அவர் நிதானமாகப் படித்தார். "ஏழு. இருபத்தி அஞ்சு. முப்பத்தி ஏழு." இருபத்தைந்து பெரியவர் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். "எழுபத்து மூணு. தொண்ணூத்து ஏழு." எண் வந்தவர்கள் குனிந்துகொண்டார்கள், வராதவர்களும் மூச்சு விடவில்லை. பதின்மூன்றுவரை என் எண் வரவில்லை. கடைசியாக அவர் சொன்னார்: "அறுபத்து ஒண்ணு."

அறுபத்து ஒன்று என் பக்கத்தில் நின்றபடியே தறியைப் பிடித்துக்கொண்டாள். பதினாறு வருஷமாக அங்கே இருப்பவள். அவள் துணியில் பழுது என்று ஒன்றை யாரும் பார்த்ததில்லை. என்ன மதிப்பெண் போட்டு இவளை எடுத்தார்கள் என்று எனக்குப் புரியவில்லை. அதோடு, ஏன் மறைக்க வேண்டும், எனக்குள் ஒரு மூலையில் அப்பாடா என்று இருந்தது.

மேனேஜர் தாளிலிருந்து நிமிர்ந்து சிரித்தார். "மதிப்பெண்படி பார்த்தா நாப்பத்து மூணுதான் வரணும். அது உங்க தங்கச்சியாச்சே. அதான் விட்டுட்டு, பதிலுக்கு வேற ஒரு ஆளை எடுத்துட்டேன். உங்களுக்கு நான் இதுகூடச் செய்யலன்னா எப்படி?"

கூடத்தில் யாரும் என்னைப் பார்க்கவில்லை. யாரும் பார்க்காமல் இருப்பது எவ்வளவு கனமாக இருக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அண்ணன் ஏதோ சொன்னான். முதுகு மட்டும்தான் தெரிந்தது, தோள் கொஞ்சம் அசைந்தது. மேனேஜரின் சிரிப்பு போய்விட்டது. "நிஜமாத்தான் சொல்றீங்களா?" என்றார். மறுபடி அந்த முதுகு. மேனேஜர் பேனாவை எடுத்தார். "சரி, நீங்களே சொல்றப்ப நான் என்ன பண்ண முடியும். அறுபத்து ஒண்ணை அடிச்சிட்டேன். நாப்பத்து மூணு."

நான்கு வருஷம். லீவு நிறைய, மகளுக்குக் காய்ச்சல் என்றால் நான்தானே பார்க்க வேண்டும். பழுதும் நிறைய, ஒத்துக்கொள்கிறேன், வாய் ஓயாமல் அசைந்துகொண்டிருந்தால் கண் எப்படி நூலில் இருக்கும். கணக்கு சரிதான். கணக்கு சரியாக இருப்பதால் வயிறு எரியாதா? கூடப் பிறந்தவன், மேனேஜரே தாமாக விட்டதைப் பிடித்து இழுத்து வந்து என் தலையில் போடுகிறான்.

மூன்று மணிக்கு வேலை முடியும் சங்கு ஊதியது. பதின்மூன்று பேர் பாலத்தை நோக்கி ஓடினார்கள். நான் கேட்டிலேயே நின்றேன். போகவே கூடாது, வெள்ளிக்கிழமை ஹாலில் எல்லார் முன்னாலும் வேலை போய் நிற்க வேண்டும், அதை அவன் பார்க்க வேண்டும் என்று ஒரு வெறி. அறுபத்து ஒன்று அழுதுகொண்டே வந்து என் கையைப் பிடித்தாள். "நீ ஒண்ணும் சொல்லாதே" என்றேன். அவள் ஒன்றும் சொல்லாமல் என் பையைப் பிடுங்கிக்கொண்டு பாலத்துப் பக்கம் நடந்தாள். வேலை அட்டை அந்தப் பையில் இருந்தது. திட்டிக்கொண்டே பின்னால் ஓட வேண்டியதாகிவிட்டது. நாங்கள் போய்ச் சேரும்போது அங்கே வரிசை முடிந்திருந்தது, குமாஸ்தா நோட்டை மூடிக்கொண்டிருந்தார். பதினெட்டாவது ஆளாக என்னை எழுதிக்கொண்டார். திங்கட்கிழமை வந்து சேரச் சொன்னார்.

இனி இங்கே என்ன வேலை என்று வியாழன் யாரும் வரமாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். பதினான்கு பேரும் வந்தோம். நான் சம்பளத்துக்காக வந்தேன். மற்றவர்கள் எதற்கு வந்தார்கள் என்று கேட்டால், "நாம வராட்டி விஷயம் வெளிய தெரிஞ்சு உன் அண்ணன் பேர் கெட்டுப் போயிடுமேன்னுதான்" என்றார் இருபத்தைந்து. அண்ணனாம், பேராம். எனக்கு வந்த எரிச்சலில் அன்றைக்கு வாயைத் திறக்காமல் நெய்தேன். நான்கு வருஷத்தில் முதல் முறையாக என் துணியில் ஒரு பழுதுகூட விழவில்லை.

மதியம் அண்ணன் வரிசையாக வந்து பதினான்கு பேர் கையிலும் ஆளுக்கொரு தாளைக் கொடுத்துவிட்டுப் போனான். புது ஆலையில் காட்டுவதற்குக் கடிதம். அவனே கையால் எழுதியது. யாருக்கு எந்த ரகத் துணி கை வந்தது, யார் தறியைப் பிரித்து மாட்டக்கூடியவர், யாரை வெளிச்சமான பக்கம் நிறுத்தினால் நல்லது என்றெல்லாம் எழுதியிருந்தான். என்னுடையதில் இருந்ததைச் சொல்கிறேன், நீங்களே பாருங்கள்: "இவர் பேசிக்கொண்டே வேலை செய்வார். அதனால் பழுது வரும். அறுந்த நூலைக் கட்டுவதில் இவரைவிட வேகமானவர் எங்கள் கூடத்தில் இல்லை." சொந்தத் தங்கைக்கு வேலைக்கு எழுதுகிற கடிதத்தில் யாராவது பழுதை முதலில் எழுதுவார்களா?

வெள்ளிக்கிழமை ஆர்டர் லாரி ஏறியது. மாலையில் ஹாலில் கூடினோம். மேனேஜர் பாவம், இரண்டு பெட்டி டிஷ்யூ பேப்பர், தண்ணீர் பாட்டில், மயங்கி விழுந்தால் படுக்க வைக்க ஒரு பெஞ்சு எல்லாம் தயார் செய்திருந்தார். நடுங்கும் குரலில் பதினான்கு எண்களையும் படித்தார். ஒருவர் முகத்திலும் ஒரு சலனமும் இல்லை. அவர் பயந்தே போய்விட்டார். "உங்க மனசுல என்ன இருந்தாலும் தயங்காமக் கேளுங்க" என்றார்.

இருபத்தைந்து எழுந்தார். "திங்கக்கிழமை அந்த ஆலையில சேரணும் சார். இன்னிக்கே கணக்கை முடிச்சுக் குடுத்துடுவீங்களா?"

மேனேஜர் மெல்ல அண்ணன் பக்கம் திரும்பினார். "நீங்க சொன்னீங்களா?"

"நான் வாயே திறக்கல சார்" என்றான் அண்ணன்.

"ஆமா சார், அவரு வாயைத் திறக்கல" என்று ஐம்பது பேரும் சொன்னோம். வாழ்க்கையில் நான் சொன்ன உண்மைகளிலேயே மகா உண்மை அதுதான்.

ஆறரை மணிக்கு என் வீட்டுக்கு வந்தான். வாசலில் நின்றான். உள்ளே வா என்று நான் சொல்லவில்லை, அவனாகவே வந்து உட்கார்ந்தான். மகள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உள் அறைக்குப் போய்விட்டாள், அவளுக்கு என்னைத் தெரியும்.

"நாற்காலியை எதுக்குத் திருப்பின?" என்றேன்.

"அந்தப் பக்கம் ஃபேன் காத்து வரல."

"என் எண்ணை எதுக்குச் சொன்ன?"

"உன் எண்தான் வரணும். பழுதுக் கணக்கு என் கையெழுத்துல இருக்கு."

"இருக்கட்டும். செவ்வாய்க்கிழமையே என் காதுல ஒரு வார்த்தை போட்டிருந்தா என்ன கொறஞ்சிருக்கும்? ராத்திரி பூரா நான் முழிச்சுக் கெடந்தேன்."

"உனக்கு மட்டும் சொல்லிட்டா, மத்தவங்களுக்கெல்லாம் நான் யாரு?"

"அப்ப எனக்கு நீ யாரு?"

அவன் கையைப் பிசைந்துகொண்டு தரையைப் பார்த்தான். வழக்கம்போல இப்படியே உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போய்விடுவான் என்று நினைத்தேன். போகட்டும், இனி இந்த வாசலை மிதிக்காமல் இருந்தால் போதும் என்றுகூட நினைத்தேன்.

"புதன்கிழமையிலருந்து சாப்பாடு எறங்கல" என்றான். வாயசைப்பு இல்லை. சத்தமாகவே சொன்னான்.

எனக்கு வந்தது பாருங்கள் கோபம். மூன்று நாள். பட்டினி கிடந்துகொண்டு பதினான்கு கடிதம் எழுதியிருக்கிறான், முந்நூறு தறியைச் சுற்றி வந்திருக்கிறான், ஒருத்தரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நெஞ்சில் இருப்பதைச் சொல்லித் தொலைக்க இந்த மனுஷனுக்கு என்ன கேடு? மறித்துப் பிடித்து என் எண்ணைக் கொடுக்க வாய் வந்தது, மனசு வலிக்கிறது என்று சொல்ல வாய் வரவில்லையா? என்னென்ன சொல்லித் திட்டினேன் என்று எனக்கே நினைவில்லை. மகள் உள்ளிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள். திட்டிக்கொண்டே அடுப்பைப் பற்ற வைத்தேன், திட்டிக்கொண்டே அவன் முன்னால் தட்டை வைத்தேன். அவன் தலை குனிந்தபடியே மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டான்.